லயத்து அடுப்பில் குரக்கன்

எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எமக்கு எழுதிய கடிதம் இவ்வாரம் எமது மேசையை விட்டு அகல மறுக்கிறது. கடிதம் சிறியது, அதில் உள்ள வினாவோ பெரியது. அவள் எழுதுகிறாள்:

"மலையகத் தமிழரின் பாரம்பரிய உணவு எது என்று வகுப்பிலே கேட்டார்கள். நான் ரொட்டி என்று எழுதினேன். எங்கள் வீட்டில் காலையும் ரொட்டி, பகலும் ரொட்டி. அம்மாயியிடம் சொன்னபோது சிரித்தார். 'அது கப்பல்ல வந்த மா புள்ள. எங்க ஆத்தா கிண்டுனது கேப்பக்களி' என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று. அம்மாயிக்கு இப்போது பல் இல்லை. ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத்தான் சாப்பிடுகிறார். களி வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார். பால் வெட்டப் போகும் அம்மாவுக்குக் கிண்டத் தெரியாது. எனக்குச் சொல்லித் தருவீர்களா?"

களி கிண்டுவதைப் பற்றிச் சொல்லுமுன் முதல் வினாவுக்கு விடை கூறவேண்டும். அம்மாயி சொல்வதே சரி. ஆயினும் மாணவி எழுதியதைப் பிழையென்று கோடிடவும் எமக்கு மனம் வரவில்லை. மூன்று தலைமுறையை ஊட்டி வளர்த்த உணவை அந்நியமென்று ஒதுக்கிவிட முடியுமா?

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் வந்தது சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய வானம் பார்த்த சீமைகளிலிருந்து. அவ்வூர்களில் ஏழை உழவனின் அன்றாட உணவு கேழ்வரகும் கம்பும் சோளமும் வரகும் சாமையுமே. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. (சோளம் என்றால் நம் பிள்ளைகள் மக்காச்சோளத்தை நினைப்பார்கள். ஊரிலே சோளம் எனப்படுவது யாழ்ப்பாணத்தார் இறுங்கு என்று வழங்கும் தானியம்.) கேழ்வரகைத்தான் மதுரைப் பக்கத்தார் கேப்பை என்பர், இலங்கையில் நாமும் சிங்கள மக்களும் குரக்கன் என்கிறோம். தாவரவியலார் அதற்கு இட்ட இலத்தீன் பெயரில் வரும் 'கொரக்கானா' என்ற சொல்லும் இந்தக் குரக்கனிலிருந்து பிறந்ததே.

தோட்டத்திற்கு வந்தவர்களுக்குத் துரைமார் கொடுத்தது அரிசி. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்து, சம்பளத்தில் விலையைக் கழித்துக்கொண்டது. ஊரிலே விழா நாளில் மட்டும் கண்ட சோற்றை நாள்தோறும் உண்ணலாம் என்ற ஆசை, கடல் கடந்த கால்களுக்கு ஓரளவு வலுவூட்டியிருக்கும். ஆகவே நம் அடுப்பிலிருந்து கேப்பையை முதலில் வெளியேற்றியது கோதுமை அன்று, அரிசியே. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கோதுமை மா வந்தது போருடன். 1942-ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமாகவே, இலங்கையை ஊட்டிவந்த அரிசிக் கப்பல்கள் நின்றன. அரசாங்கம் உணவுப் பங்கீட்டை அமுலாக்கி, அரிசியின் குறையைக் கோதுமை மாவினால் நிரப்பியது. இலயத்துப் பெண்கள் முதன்முதலாக ரொட்டி தட்டப் பழகியது பெரும்பாலும் அந்நாட்களிலேதான். போர் ஓய்ந்த பின்னும் மா ஓயவில்லை. உரலில் இடிக்க வேண்டாம், அரித்துக் கல் பொறுக்க வேண்டாம், விடியுமுன் பத்து நிமிடத்தில் தட்டி, சம்பலுடன் கடதாசியில் சுற்றி மலைக்கு எடுத்துச் செல்லலாம், நண்பகலிலும் கெடாது. பெரட்டுக்கு ஓடும் ஒரு தாய்க்கு இதனினும் உகந்த உணவு வேறெது? ரொட்டியை இகழ்ந்து பேசுவோர் அந்தத் தாயின் காலை நேரத்தை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நலம்.

இறப்பர்த் தோட்டத்து மாணவி இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ளட்டும். 1952-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையும் சீனாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை இலங்கை கொடுக்க, சீனா 2,70,000 தொன் அரிசியைத் தரவேண்டுமென்பது அதன் சாரம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத்து மரங்களில் நம்மவர் வெட்டிய பால், ஷீட்டாகிக் கப்பலேறி, நாடு முழுவதற்கும் சோறாகத் திரும்பிவந்தது. வெட்டியவரின் வீட்டிலோ ரொட்டியே நிலைத்தது.

அம்மாயியின் வயதையொத்தோர் 1973, 1974 ஆகிய ஆண்டுகளைப் பற்றி எளிதில் வாய்திறப்பதில்லை. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே ஏறின. பங்கீட்டில் அரிசியும் மாவும் குறைந்தன. கிராமத்தவனுக்குக் கொல்லையில் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் இருந்தன. இலயத்தில் வாழ்ந்தவனுக்குக் காலடி மண்ணும் தோட்டத்துக்கே சொந்தம். பசியினாலும் பசி கொணர்ந்த நோயினாலும் தோட்டங்களில் மாண்டோர் பலர். வெளியிலிருந்து வரும் ஒரே மாவை நம்பிய அடுப்பு, அந்த மா நின்றதும் அணைந்தது. மீண்டும் 2022-ஆம் ஆண்டு நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது கோதுமை மாவின் விலை பன்மடங்காகியதை மாணவியே கண்டிருப்பாள். இந்நாட்டிலே கோதுமை விளைவதில்லை. திருகோணமலையில் 1980-ஆம் ஆண்டு முதல் பெரிய ஆலையில் மா அரைக்கப்படுகிறதாயினும், அரைபடும் மணி அத்தனையும் கடல்கடந்தே வரவேண்டும்.

குரக்கனோ இம்மண்ணுக்குப் பழகியது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681-ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், இங்குள்ளோர் கடுகுபோன்ற சிறு விதையான குரக்கனைக் கல்லிலே அரைத்து உண்பதை விவரிக்கிறார். நம் அயற் சிங்களக் கிராமங்களில் 'தலப்ப' என்று கிண்டுவது நம் களியேயன்றி வேறன்று. இரத்தினபுரி நகரைச் சுற்றி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறதென்றாலும், அதே மாவட்டத்தின் தென்கிழக்கே எம்பிலிப்பிட்டியப் பக்கம் வறண்ட நிலம். சேனைப் பயிருக்கு ஏற்றது. தேயிலை மலையின் ஈரச்சரிவில் குரக்கன் பயிரிட்டுப் பார்க்கும்படி எவருக்கும் நாம் யோசனை கூறமாட்டோம். வாங்கியே சமைக்கவேண்டும்.

பழமை பேசுவோர் மனம் நோகாமல் இதனையும் சொல்லிவைப்போம்: குரக்கனின் தாயகமும் தமிழகமன்று, இலங்கையுமன்று. ஆபிரிக்காவின் கிழக்கு மேட்டுநிலத்தில் பிறந்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்பக்கம் வந்தது அது. அம்மாயியின் கேப்பையும் ஒருகாலத்தில் வந்தேறியதே! வந்தது எங்கிருந்து என்பதைவிட, உண்டவரின் உடலுக்கு என்ன செய்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

வெள்ளைக் கோதுமை மா என்பது மணியின் தவிட்டையும் முளையையும் நீக்கி எஞ்சிய பகுதி. குரக்கன் மணி மிகச் சிறியதாகையால், அரிசியைப் போல எளிதில் தீட்டமுடியாது. தவிட்டோடு முழுமணியாகவே அரைக்கிறோம். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு வெள்ளை மாவில் 20 மில்லிகிராம் அளவே. நார்ச்சத்திலும் குரக்கன் பன்மடங்கு மேல். புரதத்தில் மட்டும் கோதுமையே முந்துகிறது: கோதுமை மாவில் ஏறத்தாழ 11 கிராம், குரக்கனில் 7 கிராம். ஆகவே பருப்போ நெத்தலியோ கடலையோ உடனில்லாத குரக்கன் உணவு அரைகுறை உணவே. நீரிழிவுக்கு இது மருந்து என்று சந்தையில் கூவி விற்பவரையும் நாம் நம்பவேண்டியதில்லை. மென்மையாய் அரைத்த மாவைக் கஞ்சியாக்கி வயிறு முட்டக் குடித்தால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

இதெல்லாம் ஏட்டுக்கணக்கு அன்று. 2016-ஆம் ஆண்டு நாடளாவிய ரீதியில் நடந்த சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்பகுதிகளில் மட்டும் 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை! வருமானம், குடிநீர், தாயின் உடல்நிலை என இதற்குக் காரணங்கள் பல. ரொட்டியை மாற்றினால் யாவும் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நம் கைக்குள் அடங்கும் காரணம் சட்டியிலே இருக்கையில், அதைவிட்டுத் தொடங்குவானேன் என்பதே எமது கேள்வி.

அதிலும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தேயிலையைப் பறிப்பவரும் அதனைக் குடிப்பவரும் நாமே. ரொட்டியைக் கடிப்பது, வெறுந்தேநீரைப் பருகுவது, மீண்டும் கடிப்பது என்பது இலயத்து வழக்கம். தேநீரின் துவர்ப்பு, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாமல் தடுத்துவிடுகிறது. குரக்கனிலும் சிறிது துவர்ப்பு உண்டாகையால் இரண்டும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். சோகை பிடித்த தாய்மாரும் கர்ப்பிணிகளும் உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் அருந்துவார்களாக. சம்பலில் தேசிக்காய்ப் புளி தாராளமாக விடவேண்டும். அப்புளி, இரும்பு உடலிற் சேரத் துணைபுரிகிறது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. தேசிக்காய் ஒன்றின் விலையைத் தவிர.

இனி அடுப்புக்கு வருவோம்.

நாம் முதன்முதலில் தனிக் குரக்கன் மாவில் ரொட்டி தட்டியபோது, அது கல்லிலேயே ஆறு துண்டாயிற்று. வீட்டார் எவரும் நகைக்காதது அவர்களது பெருந்தன்மை. காரணம் பின்னர் விளங்கியது. கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. நீர் பட்டுப் பிசைந்ததும் அது இழுபடும் பசையாகி மாவைக் கட்டிப்பிடிக்கும். குரக்கனில் அது இல்லை. எனவே கொதிநீரும் தேங்காய்ப்பூவுமே அதற்குப் பசை.

மலைக்குக் கொண்டுபோகும் ரொட்டிக்கு எமது அனுபவத்தில் நல்ல அளவு இது: குரக்கன் மா ஒரு சுண்டு, கோதுமை மா ஒரு சுண்டு, தேங்காய்ப்பூ அரைச் சுண்டுக்குக் குறையாமல், நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. குரக்கன் மாவில் மட்டும் முதலில் கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு, அகப்பைக் காம்பினால் கிளறி மூடிவையுங்கள். கை பொறுக்குமளவு ஆறியதும் ஏனையவற்றைச் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்துத் தட்டி, இலையோடு கல்லிற் கவிழ்த்து, இலையை உரித்தெடுங்கள். ரொட்டிக்கல் நன்கு காய்ந்திருக்கவேண்டும். பின்னர் நெருப்பைத் தணிக்கவேண்டும். தேங்காய்ப்பூ குறைந்தால் நண்பகலில் ரொட்டி ஓடுபோல் இறுகிவிடும். முழுவதும் குரக்கனாய்ச் செய்வதற்கு நாம் வற்புறுத்தாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு: கடையில் குரக்கன் மா கோதுமை மாவைவிட விலை கூடியது. மூன்றிலொரு பங்கு கலந்தாலும் குறையில்லை. கோதுமையே ஒவ்வாத உடலினர் மட்டும் கலப்பைத் தவிர்ப்பாராக.

முழுமணி வாங்குவது மலிவு. ஆனால் சேனைக் குரக்கனில் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். அகன்ற சட்டியில் நீர்விட்டுக் கலக்கி, மணியைச் சாய்த்து வேறொரு சட்டிக்கு மாற்றி, கீழே தங்கும் மணலைக் கழிக்கவேண்டும். மூன்று நான்கு முறை இவ்வாறு அரித்தாலன்றிப் பல்லுக்கு ஆபத்து. அம்மாயிக்கு அந்தக் கவலை இல்லையென்று மாணவி சொல்லக்கூடும்!

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முளைக்குரக்கனே சிறந்தது. ஆறு மாதம் நிறைந்து, தாய்ப்பாலுடன் வேறுணவு தொடங்கிய குழந்தைக்கு இதனைக் கொடுக்கலாம். அரித்த மணியை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால் இரண்டாம் நாள் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். வெயிலில் நன்கு உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, முளையைத் தேய்த்துப் புடைத்துவிட்டு அரைத்துச் சலிக்கவேண்டும். சாதாரண மாவில் காய்ச்சிய கஞ்சி சற்று அதிகம் மா விட்டாலும் கூழ்போல் இறுகும்; தாய் நீரைக் கூட்டுவாள்; குழந்தையின் சிறிய வயிறு நீரினாலேயே நிரம்பிவிடும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதியம் மாப்பொருளை உடைப்பதால், முளைமாவில் காய்ச்சிய கஞ்சி இறுகுவதில்லை. அதே கிண்ணத்தில் அதே பதத்தில் கூடுதல் மா அடங்கும். இரும்பையும் கல்சியத்தையும் தடுக்கும் பொருள்களும் முளைக்கையில் குறைகின்றன. நம் பகுதியின் மழைதான் இதற்குப் பகை. இரண்டு நாள் வெயில் நிச்சயமில்லாத வாரத்தில் இதனைத் தொடங்காதீர்கள். பூஞ்சணம் பூத்த மணியைக் கழுவி மீட்க முயலாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

பிட்டு அவிப்போர் குரக்கன் மாவோடு சரிபாதி அரிசி மா கலந்தால் உதிரியாய் வரும். அதனுடன் கித்துள் கருப்பட்டி சேர்த்து உண்பதன் சுவையைக் கேகாலையாருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டுமா? சாமை, தினை, வரகு ஆகியவற்றைப் பற்றி இன்னொரு ஞாயிறு எழுதுவோம். கதிர்காமம் போய்வரும் நம் மக்கள் வள்ளி காத்த தினைப்புனத்தை அறிவார்கள். தினைச்சோற்றை அறிந்தோர் குறைவு.

இனி, களி. மாணவி கரிக்கோலை எடுத்துக்கொள்ளட்டும்.

மூவருக்கு ஒரு சுண்டு குரக்கன் மா, இரண்டரைச் சுண்டு தண்ணீர். கனத்த அடியுள்ள பானை வேண்டும். இரண்டு கரண்டி மாவை அரைச் சுண்டு பச்சைத்தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்துத் தனியே வைத்துக்கொள். மீதித் தண்ணீரை உப்பிட்டுக் கொதிக்கவிட்டு, கரைத்த மாவை அதில் ஊற்று. அது கஞ்சியாகிக் குமிழி விடும்போது, எஞ்சிய மாவை நடுவிலே குவியலாய்க் கொட்டு. இப்போது கிளறாதே, அனைவரும் தவறுவது இங்கேதான். நெருப்பைத் தணித்து, மூடி, நான்கைந்து நிமிடம் விட்டுவிடு. மா உள்ளேயே அவிந்து மணம் வரும். பிறகு மரத்துடுப்பினால், பானையைத் துணியாற் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து வழித்து வழித்துக் கிண்டு. கை வலிக்கத்தான் செய்யும். பானையின் பக்கத்தை விட்டுச் சுருண்டு வந்து மினுமினுத்ததும், கொஞ்சம் நீர் தெளித்து மூடி மேலும் ஐந்து நிமிடம் தணலில் வை. நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. நனைத்த கிண்ணத்தில் போட்டு உருட்டினால் உருண்டை தயார்.

குழம்பு நீர்த்ததாய் இருக்கவேண்டும். முருங்கைக்கீரையும் நெத்தலிக் கருவாடும் போட்ட குழம்பு எமக்குப் பிடித்தது. அம்மாயி வேறு சொல்லக்கூடும். களியை மெல்லுவதில்லை. சிறிதாய்க் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் முறை. அதனாற்போலும் பல்லில்லாத வயதில் அவருக்கு அந்த நினைவு வந்திருக்கிறது.

அம்மாயியை அடுப்பருகே அமர்த்திக்கொண்டு கிண்டுவது நல்லது. மா வெந்த மணம் எது, வேகாத மணம் எது என்பதை எழுத்தில் எம்மால் சொல்ல இயலாது, அவர் சொல்வார். முதல் நாளில் எத்தனை கட்டி விழுந்தது என்று மறவாமல் எமக்கு எழுதுக. எமது முதற் களியில் கட்டிகளை நீக்கியபின் எஞ்சியது குழம்பு மட்டுமே.